அந்தோனியார் வீட்டுத் திறப்புக் கோர்வை

அத்தியாயம் பதினொன்று: விருந்து

அந்தோனியார் வீட்டுக்குப் பொறுப்பாக இருந்த சிஸ்டர் ஹெட்விக் மூக்கைச் சிந்திக்கொண்டே வாடகைக் காரில் ஏறிப் போனதைப் போன வாரம் பார்த்தோம். அவரை அனுப்பியிருந்த திருச்சபைச் சங்கத்திடம் இனிப் பணமில்லை. ஆகவே அந்தோனியார் வீட்டை நகரசபை ஒரு தனியாளிடம் குத்தகைக்குக் கொடுத்துவிட்டது. அந்தத் தனியாள் இன்றைக்கு வருகிறார்.

வீடு என்றால் வீடல்ல. டுசல்டோர்ஃபின் ட்ராம் பாதை முடிகிற இடத்துக்கும் அப்பால், மூடிப்போன நூற்பாலையின் பழைய தொழிலாளர் விடுதி அது. ஜெர்மன்காரர் அதை அகதி ஹைம் என்பார்கள். கீழ்மாடிப் பெரிய அறையில் அந்தோனியார் சுருவத்தை, அந்தச் சிலையை, வைத்த நாளிலிருந்து நம்மவர்களுக்கு அது அந்தோனியார் வீடு.

மூன்று வருடமாக அந்த வீட்டை நடத்தியது அதில் இருந்தவர்கள்தான். யாருக்கு எந்த அறை, குசினியில் இன்றைக்குச் சமைப்பது யார் முறை, புதிதாக வந்த குடும்பத்துக்கு யார் போர்வை கொடுப்பது, எல்லாவற்றையும் ஞாயிறு செபம் முடிந்ததும் கூடியிருந்து பேசித் தீர்த்தார்கள். சண்டை வராமலில்லை. கொடிக் கயிற்றுக்காக இரண்டு பெண்கள் ஒரு மாதம் முகம் பார்க்காமல் இருந்த கதையை ஐந்தாம் அத்தியாயத்தில் சொல்லியிருக்கிறேன். ஆனால் சண்டையும் அவர்களுடையது, சமாதானமும் அவர்களுடையது. சிஸ்டர் கையெழுத்து மட்டும் போட்டார்.

திறப்புக் கோர்வை, வீட்டில் குடியிருந்த கொறற்றியின் இடுப்பில் இருந்தது. வீட்டின் அத்தனை பூட்டுக்கும் திறப்பு அந்த ஒரு வளையத்தில். எது எதற்கென்று தெரிவதற்காக ஒவ்வொன்றிலும் ஒரு நிற நூல் கட்டியிருந்தாள். சிஸ்டர் கையெழுத்துப் போடுகிற கந்தோர் அறைக்குச் சிவப்பு, நிலவறைக்குப் பச்சை, குசினிக்கு மஞ்சள். நூல் பார்க்காமலே தடவி எடுக்கவும் அவளுக்குத் தெரியும்.

அந்தக் கோர்வைக்கு இன்னொரு வேலையும் இருந்தது.

கொறற்றியின் தம்பி கிறிஸ்தோப்பருக்கு வலிப்பு. மன்னாரில் ராணுவம் பிடித்துக்கொண்டு போன முகாமிலிருந்து அவன் திரும்பி வந்தபோது தலையில் ஒரு பள்ளமும் கூட வந்தது. வலிப்பு வந்தால் கொறற்றி அவனைப் பக்கவாட்டில் சரித்து, தலையை மடியில் வைத்து, திறப்புக் கோர்வையை அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களைப் பொத்திப் பிடிப்பாள். இரும்பு பட்டால் வலிப்பு இறங்கும் என்பது அவளுடைய தாய் வழி வந்த நம்பிக்கை. அதில் ஒன்றுமில்லை என்று டொக்டர் சொன்னார். கொறற்றி டொக்டரின் மாத்திரையையும் விடவில்லை, இரும்பையும் விடவில்லை.

சட்டப்படி கிறிஸ்தோப்பர் இந்த வீட்டில் இருக்கவே கூடாது. அவனுக்கு அரசாங்கம் குறித்த இடம் எர்லாங்கனுக்கு அப்பால் ஒரு கிராமத்து ஹைம். முன்பின் தெரியாத ஆண்களோடு ஓர் அறை. அங்கே இரண்டு தரம் விழுந்து, இரண்டாம் தரம் விடியும்வரை கக்கூசில் கிடந்திருக்கிறான். அதன் பிறகுதான் கோட்டுக்குள் கையைக் கட்டிக்கொண்டு ரயிலேறி அக்காவிடம் வந்தான். சிஸ்டர் ஹெட்விக் அவனைக் கண்டதும் முகத்தைத் திருப்பி யன்னலுக்கு வெளியே மரத்தைப் பார்த்தார். அடுத்த நாள் கொறற்றியின் அறை வாசலில் ஒரு மெத்தை கிடந்தது. அவ்வளவுதான் பேச்சு.

இப்போது சிஸ்டர் இல்லை. மரத்தைப் பார்க்க ஆளில்லை.

"அவனை மேல வச்சுப் பூட்டுவம்," என்றாள் கொறற்றி. "கொஞ்ச நாளைக்கு வெளியில வரவேண்டாம். புதுசா வாறவர் என்ன மாதிரி ஆளெண்டு பாப்பம்."

அவள் கணவன் மரியரட்ணம் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கண்ணீர் வழிந்தது, முகத்தில் சந்தோசம்.

"விசர்க் கதை கதையாதை. பூட்டி வச்சா எத்தினை நாளைக்கு? மனுசனைக் கூப்பிட்டு வடிவாச் சாப்பாடு குடுப்பம். பேந்து கேப்பம். எங்கட கையால சாப்பிட்டவன் எங்களுக்குக் கெடுதல் செய்வானே?"

"உங்கட ஊரில செய்யமாட்டான்."

"மனுசர் எல்லா இடத்திலயும் மனுசர்தானப்பா."

மரியரட்ணத்தைச் சொல்லிக் குற்றமில்லை. மன்னாரில் சங்கக்கடை மனேஜராக இருந்தவர். புது அதிகாரி மாற்றலாகி வந்தால் முதல் ஞாயிறு நண்டுக்கறி, திங்கட்கிழமை காரியம் கைகூடும். அப்படியே எத்தனை அதிகாரிகளைக் கண்டுவிட்டார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது அவருக்குப் பள்ளிக்கூடப் பாடமல்ல, அனுபவம். ஆனால் அந்த அனுபவம் கடல் கடந்து செல்லுபடியாகுமா என்று அவர் யோசிக்கவில்லை. கொறற்றி யோசித்தாள். அவள் யோசித்து என்ன, அம்மி மிதித்த நாளிலிருந்தே அவள் யோசனைக்கு வாக்குரிமை இல்லை என்று சொல்லலாமென்றால், வேதக்காரரின் கலியாணத்தில் அம்மியும் இல்லை.

குத்தகைக்காரர் ஹெர் லோமன் காலையிலேயே வந்துவிட்டார். ஐம்பது வயது, கம்பளிச் சட்டை, மெல்லிய குரல். பூதம் ஒன்றை எதிர்பார்த்து நின்றவர்களுக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. வாசலில் சப்பாத்துகள் வரிசையாகக் கிடப்பதைக் கண்டு தன்னுடையதையும் கழற்றி வைத்தார்.

"பாத்தியே," என்று மரியரட்ணம் மனைவியின் காதில் சொன்னார்.

முதல் வேலையாகத் திறப்புக் கோர்வையைக் கேட்டார் லோமன். கொறற்றி இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தாள். நடைபாதையில் எல்லோரும் பேசுகிற தொலைபேசியைத் தானே தூக்கிக் கொண்டுபோய்க் கந்தோர் அறைக்குள் வைத்தார். இனி அது கந்தோர் நேரத்தில் மட்டும். பிறகு மேசையில் உட்கார்ந்து, கத்தரிக்கோலை எடுத்து, திறப்புகளில் இருந்த நூல்களை ஒவ்வொன்றாக வெட்டிச் சாம்பல் கிண்ணத்தில் போட்டார்.

கொறற்றி மேசையடிக்கு வந்தாள். "ஐயோ, அது ஏன் வெட்டுறார்?"

கொறற்றியின் மகள் பிளோறன்ஸ், பத்து வயது, வீட்டுக்கே மொழிபெயர்ப்பாளர். அவள் கேட்டுச் சொன்னாள்: "நாளைக்கு இலக்கத் தகடு வருதாம் அம்மா. எல்லாத்துக்கும் நம்பர் போடுவாராம். அதுதான் ஒழுங்காம்."

"நாளைக்கு வந்தாப் பிறகு வெட்டியிருக்கலாந்தானே," என்றாள் கொறற்றி. அதை மொழிபெயர்க்க வேண்டாம் என்று மரியரட்ணம் கையைக் காட்டினார்.

மத்தியானம் அந்தோனியார் அறையில் விருந்து. துருக்கிக் கடை ஆட்டிறைச்சிக் கறி, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, முட்டை, அப்பளம். உறைப்பு பாதியாகக் குறைத்தும் லோமனுக்குக் கண்ணீர் வந்தது. சிரித்தார். கத்தரிக்காயை மறுபடி கேட்டு வாங்கினார். இதைவிட நல்ல சாப்பாடு தன் வாழ்நாளில் சில தரம்தான் சாப்பிட்டிருக்கிறேன் என்று சொன்னார். அது உபசாரப் பேச்சல்ல. மனுசன் உண்மையாகவே ருசித்துச் சாப்பிட்டார்.

மரியரட்ணத்துக்குத் தலைகால் புரியவில்லை. மேலே போனார். திரும்பி வரும்போது அவர் பின்னால் கிறிஸ்தோப்பர், கையில் பாயாசக் கிண்ணம்.

கொறற்றியின் கையில் இருந்த அகப்பை நின்றது. "என்னப்பா செய்யிறியள்?"

"நீ சும்மா இரு. பிளோறன்ஸ், சொல்லு பிள்ளை. இவர் அம்மாவின்ர கூடப்பிறந்த தம்பி. இவரை வேற இடத்துக்குப் போட்டிருக்கினம். வருத்தக்காரன், தனிய இருக்க ஏலாது. எங்களோட இருக்கவிடச் சொல்லிக் கேளு."

பிளோறன்ஸ் தாயைப் பார்த்தாள். தாயின் கண் சொல்லாதே என்றது. தகப்பனைப் பார்த்தாள். அவர் சிரித்துக்கொண்டு நின்றார். மேசையில் இருந்தவர்கள் எல்லோரும் அவள் வாயைப் பார்த்தார்கள்.

அவள் சொன்னாள். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஜெர்மன் டீச்சர் மெச்சுகிற பிள்ளை.

லோமன் கரண்டியைக் கீழே வைத்தார். கிறிஸ்தோப்பரை ஏற இறங்கப் பார்த்தார். எந்த ஊர் ஹைம் என்று கேட்டார். கிறிஸ்தோப்பரே பதில் சொன்னான். லோமன் தலையாட்டினார்.

"மறைக்காமல் சொன்னதுக்கு நன்றியாம்," என்றாள் பிளோறன்ஸ். "என்ன செய்யலாமெண்டு பாக்கிறாராம்."

மரியரட்ணம் மனைவி பக்கம் திரும்பிப் புருவத்தை உயர்த்தினார். அந்தப் புருவத்தைக் கொறற்றி நெடுநாள் மறக்கமாட்டாள்.

எழும்பும்போது லோமன் ஒன்று கேட்டார். கந்தோரில் அவர் மனைவி கோப்புகள் அடுக்கிக்கொண்டிருக்கிறாள், அவளுக்குக் கொஞ்சம் கத்தரிக்காய்க் கறி கிடைக்குமா? கொறற்றி எவர்சில்வர் சட்டி நிறையப் போட்டு மூடிக் கொடுத்தாள். கேட்டுச் சாப்பிட்டால் நல்ல சகுனம்தான் என்று ஒரு கணம் அவளும் நம்பினாள். நம்பியதில் தப்பென்ன?

அந்த அமளியில் ஒன்று விட்டுப்போயிற்று. கிறிஸ்தோப்பர் மத்தியானம் போடுகிற மாத்திரை மேல் அறையில் தண்ணீர்க் குவளைக்குப் பக்கத்தில் அப்படியே இருந்தது.

மாசி மாதம். ஐந்தரைக்கே வெளிச்சம் போய்விடும். பின்னேரம் குசினியில் கொறற்றி சட்டிபானை கழுவிக்கொண்டிருந்தபோது லோமன் வந்து கதவில் தட்டினார். திறந்து கிடந்த கதவில் தட்டுகிற பழக்கம் அவருக்கு. கையில் அவளுடைய சட்டி. கழுவித் துடைத்து, உள்ளே சொக்லட் நிரப்பியிருந்தது.

நம்மூரிலும் சட்டியை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கமாட்டோம். கொறற்றிக்கு மனம் இளகிவிட்டது. சட்டியைப் பிளோறன்சிடம் கொடுத்துவிட்டு நிமிர்ந்தாள். அப்போதுதான் அவருக்குப் பின்னால், படிக்கட்டடியில், பச்சைச் சீருடை போட்ட இரண்டு பேர் நிற்பதைக் கண்டாள். லோமன் கூலிக்கு எடுத்திருந்த காவல்காரர்கள்.

லோமன் மெதுவாகப் பேசினார். பிளோறன்ஸ் சொன்னாள்.

"மாமாவைக் கூட்டிக்கொண்டு போக வந்திருக்கினமாம். ஆறு மணி ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாச்சாம்."

"என்ன?"

"அங்க மாமான்ர ஹைமுக்குப் போன் பண்ணிக் கதைச்சவராம். டொக்டர் ஒழுங்கு செய்யினமாம். இஞ்ச பேர் பதியாம இருக்கேக்க ஏதாவது நடந்தா ஆர் பதில் சொல்லுறது எண்டு கேக்கிறார்." பிளோறன்ஸ் தாயின் பக்கம் திரும்பினாள். "பொலிசைக் கூப்பிடயில்லையாம், அம்மா. வேற ஆளெண்டா கூப்பிட்டிருப்பாராம். எங்கட வீட்டில சாப்பிட்டபடியாத்தான் இப்பிடிச் செய்யிறாராம்."

மரியரட்ணம் வாசலில் வந்து நின்று இதை முழுவதும் கேட்டார். உப்பு வேலை செய்திருக்கிறது. அது செய்த வேலை இவ்வளவுதான்: பொலிசுக்குப் பதிலாக ஒரு ரயில் டிக்கெட்.

காவல்காரர்கள் மேலே போனார்கள். வெறுங்கையோடு இறங்கி வந்தார்கள். அறையில் ஆளில்லை. கோட்டு ஆணியில் தொங்குகிறது, சப்பாத்து கட்டிலடியில் கிடக்கிறது.

லோமன் பிளோறன்சுக்கு முன்னால் குனிந்தார். உன் மாமா எங்கே, உனக்குத் தெரியுமா என்று அன்பாகவே கேட்டார்.

பிளோறன்சுக்குத் தெரியும். ஒருநாள் படம் கீறிக்கொண்டிருக்கும்போது மாமா சொன்னது: "பச்சை உடுப்பு ஆரும் வந்தா நான் கீழ நிலவறைக்குப் போயிடுவன் பிள்ளை. ஒருத்தருக்கும் சொல்லாதை." மன்னாரில் அவன் தலையில் அடித்தவர்களும் பச்சைதான் போட்டிருந்தார்கள். காவல்காரர் வருவதை மேல் யன்னலால் கண்டதுமே அவன் இறங்கியிருக்க வேண்டும்.

மத்தியானம் கேட்டதையெல்லாம் கேட்டபடி சொன்ன பிள்ளை, சட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தெரியாது என்று ஜெர்மனில் சொன்னாள். கொறற்றிக்கு அந்த மொழியில் தெரிந்த சொற்கள் கொஞ்சம். அது அதிலொன்று. மகள் முதன்முதலாகப் பொய் சொல்லுகிறாள் என்று கண்டு அவளுக்கு ஒரு பக்கம் துக்கம், ஒரு பக்கம் நன்றி.

லோமன் நிமிர்ந்தார். காவல்காரரைப் பார்த்து, வெளியே போய்த் தேடுங்கள் என்பதுபோல் கையைக் காட்டினார். அவர்கள் வாசல் பக்கம் திரும்பினார்கள்.

அப்போது கீழே ஏதோ விழுந்தது. தொப்பென்று ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து சீமெந்தில் குதிக்கால் அடிபடுகிற சத்தம்.

மற்றவர்களுக்கு அது வெறும் சத்தம். சும்மா நின்றிருந்தால் எலி என்றோ சைக்கிள் சரிந்தது என்றோ சொல்லியிருக்கலாம். ஆனால் கொறற்றிக்கு அந்தச் சத்தம் தெரியும். தம்பியை ஒளித்துவைக்க வேண்டும் என்று காலையிலிருந்து மன்றாடியவள் அவள்தான். அவன் ஒளிந்த இடத்துக்கு எல்லோரையும் கூட்டிக்கொண்டு ஓடியவளும் அவள்தான்.

நிலவறைப் பூட்டு சில நாளாகப் பழுது. உருளைக்கிழங்குச் சாக்குகளுக்கு நடுவில் கிறிஸ்தோப்பர் கிடந்தான். வெறும் கால், மெல்லிய சேட்டு. நெற்றியில் இரத்தம். கொறற்றி அவனைச் சரித்து, தலையை மடியில் எடுத்தாள். அவள் வலது கை தன்பாட்டில் இடுப்புக்குப் போயிற்று. அங்கே ஒன்றுமில்லை.

நிமிர்ந்து பார்த்தாள். கோர்வை லோமனின் கையில் இருந்தது.

"திறப்பைத் தாங்கோ! திறப்பு!" கையை நீட்டினாள்.

லோமன் ஒரு அடி பின்வாங்கினார். வீட்டுத் திறப்பைத் திருப்பிக் கேட்க இதுவா நேரம் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். பிளோறன்ஸ் சொல்லப் பார்த்தாள். இரும்பு, கை, வலிப்பு என்று தனித்தனிச் சொற்கள் வந்தன. ஒன்றோடொன்று சேரவில்லை. இதை ஜெர்மனில் எப்படிச் சொல்வதென்று எந்த டீச்சரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

"அம்புலன்ஸ்!" என்றார் லோமன். அவர் முகம் வெளுத்துவிட்டது. திரும்பிப் படியேறி ஓடினார். தொலைபேசி கந்தோர் அறைக்குள். இழுத்தால் தானே பூட்டிக்கொள்ளும் அந்தக் கதவைச் சாத்திவிட்டு அவர் மனைவி மூன்று மணிக்கே வீட்டுக்குப் போய்விட்டாள். திறப்புகள் கலகலவென்று மேலே போவது கீழே கேட்டது. பிறகு பூட்டில் ஒரு திறப்பு. அது சேரவில்லை. இன்னொன்று. அதுவும் சேரவில்லை.

"சிவப்பு நூல்!" என்று கத்தினாள் கொறற்றி. கத்திய பிறகுதான் ஞாபகம் வந்தது. நூல்கள் எல்லாம் சாம்பல் கிண்ணத்தில் கிடக்கின்றன.

இந்த முறை வலிப்பு நிற்கவில்லை. ஒன்று ஓய முன்னமே அடுத்தது பிடித்தது. உதடு நீலம் பாரித்தது.

"நான் நல்லதுக்குத்தான்..." என்று மரியரட்ணம் தொடங்கினார். அவர் அழுதுகொண்டிருந்தார்.

"இப்ப அதைக் கதைக்காதேங்கோ. இவன்ர தலையைப் பிடியுங்கோ. சரிச்சுப் பிடியுங்கோ."

தம்பியை விட்டு எழும்புவது அவளுக்கு உயிர் போகிற வேதனையாக இருந்தது. எழும்பினாள். படிகளில் ஏறி ஓடினாள். கந்தோர் வாசலில் லோமன் கோர்வையோடு மல்லாடிக்கொண்டிருந்தார். கொறற்றி கேட்கவில்லை. அவர் கையிலிருந்து பிடுங்கினாள். அவர் தடுக்கவில்லை. பார்க்காமலே தடவி ஒரு திறப்பை எடுத்துப் பூட்டில் போட்டாள். கதவு திறந்தது.

லோமன் தொலைபேசியில் முகவரியைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் கோர்வையோடு கீழே இறங்கிவிட்டாள்.

நிலவறையில் சத்தம் நின்றிருந்தது. குதிக்கால் அடிபடவில்லை. மரியரட்ணம் மைத்துனனின் தலையைப் பிடித்தபடி அப்படியே இருந்தார். பிளோறன்ஸ் சட்டியை இன்னும் கையில் வைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். சொக்லட்டுகள் படியெல்லாம் சிந்திக் கிடந்தன.

"நிண்டிட்டுது, கொறற்றி," என்றார் மரியரட்ணம். வலிப்பைச் சொல்கிறாரா, மூச்சைச் சொல்கிறாரா என்று அவள் கேட்கவில்லை.

முழந்தாளில் இருந்து, தம்பியின் உள்ளங்கையை விரித்து, திறப்புக் கோர்வையை அதில் வைத்தாள். எப்போதும் அவன் விரல்கள் தாமாகவே அதை இறுக்கிக்கொள்ளும். அதைக் கண்டபிறகுதான் அவள் மூச்சு விடுவாள்.

தூரத்தில் அம்புலன்ஸின் சத்தம் கேட்டது. லோமன் படியில் இறங்கி வந்து நின்றார். திறப்பைத் திருப்பிக் கேட்கவில்லை.

"அம்மா," என்றாள் பிளோறன்ஸ். "மத்தியானம் நான் வேற மாதிரிச் சொல்லியிருக்கலாம் என்ன?"

கொறற்றி தம்பியின் விரல்களைத் தன் இரண்டு கையாலும் மூடிப் பிடித்திருந்தாள். தன் கைகளை எடுத்துப் பார்த்தாள். விரல்கள் விரிந்தன. திறப்புக் கோர்வை சீமெந்தில் விழுந்தது.